பாலைமரக் கட்டை

14.09.1981, திங்கள். காலை 10.20.

இதுவரை பதினேழு தரம் தூக்கிப் பார்த்தாயிற்று. ஐந்து தரம் லொறியின் பின்பெட்டி முழுதாக எழும்பியது. ஒன்பது தரம் பாதியில் நின்று நடுங்கியது. மூன்று தரம் அசையவே இல்லை.

இங்குள்ள குடியேற்றச் சங்கம் வவுனியாவில் ஏலத்தில் எடுத்த, மண் கொட்டுகிற பழைய டிப்பர் லொறி. எடுக்க முதல் ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் 'வேண்டாம்' என்று ஒரு சொல்லில் முடித்திருப்பேன். எடுத்த பிறகு திருத்துவதற்குப் பளையிலிருந்து என்னைக் கூப்பிட்டு ஒரு கொட்டிலும் தந்திருக்கிறார்கள். தர்மபுரத்துக்கு அங்காலை, காட்டோரம். எழுபத்தேழு கலவரத்தில் மலையகத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து கலைக்கப்பட்டு வந்த நாற்பது குடும்பங்கள். போன மாரியில் இவர்களுடைய குளக்கட்டு அறுபது அடிக்கு உடைந்துபோனது. ஐப்பசி மழைக்கு முதல் கிறவல் மண் கொட்டி அடைக்காவிட்டால் குளத்தில் தண்ணீர் நிற்காது. காலபோக நெல் விதைப்பும் இல்லை.

சாரதி பழனியாண்டி. ஐம்பது வயதிருக்கும். தோட்டத்தில் கொழுந்து லொறி ஓட்டினவன். ஒவ்வொரு தரமும் பெட்டியைத் தூக்க முதல் அதைத் தொட்டுக் கும்பிடுகிறான். கும்பிட்டால் எழும்புமா?

17.09.81

முதல் வியாதி பிடிபட்டது. ஒயில் தொட்டியிலிருந்து பம்புக்குப் போகிற ரப்பர் குழாயில் மயிர் போல ஒரு வெடிப்பு. பம்ப் ஒயிலோடு காற்றையும் உறிஞ்சுகிறது. நடுக்கம் அதனால்தான். புதுக் குழாய் போட்டேன். பெட்டி ஒரே மூச்சில் எழும்பியது. பெண்கள் கை தட்டினார்கள்.

எழும்பினது நிற்கவில்லை. தானாக இறங்குகிறது. பத்து நிமிடத்தில் நாலு அங்குலம், மூன்று தரம் அளந்தேன். பெட்டியைத் தூக்குகிற ஜக்குக்குள் ஒயிலை அடைத்துப் பிடிக்கிற ரப்பர் சீல் போய்விட்டது. ஏன் போனது?

19.09.81

தொட்டி ஒயிலை விரலில் தொட்டு மணந்து பார்த்தேன். பிறேக் ஒயில்!

"ஆர் ஊத்தினது?"

"நாந்தாங்க தம்பி. ஒயில் கொறைஞ்சிருந்திச்சு. தோட்டத்துல அவசரத்துக்கு இதான் ஊத்துவோம்."

"அந்த ரப்பருக்கு அது நஞ்சு. ஊறிக் களியாப் போயிருக்கும். உனக்கு மூளை எண்டு ஒண்டு இருக்கா?"

மண் அள்ளுகிற பெண்கள் எல்லாரும் நின்றார்கள். பழனியாண்டி தொட்டி மூடியை மூடினான். துணியை எடுத்துக் கையைத் துடைத்தான். வீரம்மாதான் வாயைத் திறந்தா. பெண்களுக்குத் தலைவி மாதிரி அவா. "அப்பன் வயசு ஆளை நீ, வா, போன்னுதான் படிச்ச எடத்துல சொல்லிக் குடுத்தாங்களா? நீங்க இந்த லோரியைத் தூக்குறதுக்குள்ள நாங்க மண்ணத் தலையில தூக்கிக் கொளத்தையே கட்டிருவோம்."

சிரிப்பு. நான் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தது இரண்டு வருசம். பிழையைப் பிழை என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?

20.09.81

இன்றைக்குப் பத்து நிமிடத்தில் நாலரை அங்குலம் இறங்கியது.

23.09.81

வவுனியா. ஜவாஹிர் நானாவின் உதிரிப்பாகக் கடை. அளவை எழுதிக் கொடுத்தேன். "கொழும்பில இருந்துதான் எடுக்கோணும். பதினைஞ்சு நாள். வந்த உடன பஸ்ஸில குடுத்து விடுறன்" என்றார். "அதுமட்டும் அந்தப் பெட்டிக்குக் கீழ தலையைக் குடுக்காதேங்கோ, தம்பி."

எனக்கா சொல்கிறார்.

25.09.81

பழனியாண்டி காட்டில் பாலைமரம் தறித்து ஒரு கட்டை செய்திருக்கிறான். மூன்றடி நீளம். பெட்டியைத் தூக்கி, லொறிச் சட்டத்துக்கும் பெட்டிக்கும் இடையில் அதை நிமிர்த்தி வைத்த பிறகுதான் கீழே ஆள் போகலாமாம். கட்டையைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். ஒவ்வொரு தரமும் கால் மணித்தியாலம் வீண். ஆனால் அளவு சரி. அதையும் எழுதத்தான் வேண்டும்.

இன்றைக்குப் பதினொரு லோட்.

06.10.81

பின்னேரம் முதல் மழை. பத்து நிமிடம்தான். குளக்கட்டில் இன்னும் இருபதடி வாய் திறந்தபடி.  எல்லாரும் வடகிழக்கையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

07.10.81

காலை பஸ்ஸில் சீல் வந்துவிட்டது! ஆனால் இன்று ஆயுத பூசை. மண்வெட்டி, அலவாங்கு, நட்டுத் திருகுகிற என்னுடைய சாவிகள், அந்தக் கட்டைகூட — எல்லாம் சந்தனம் பூசி அம்மன் கொட்டிலில் வரிசையாக வைத்திருக்கிறது. நாளைக்குக் காலை மறுபூசை முடியுமட்டும் தொடக்கூடாதாம். வானம் கறுத்துப்போய் நிற்கிறது. இவர்களோடு என்ன செய்வது?

08.10.81

எழுதத்தான் வேணும். 

நேற்றுக் காலை பத்து மணிக்குப் பழனியாண்டியிடம் கட்டையைக் கேட்டேன். "பூசையில வச்சாச்சுங்க தம்பி. ஒரு ராத்திரிதானே? வெடிஞ்சதும் நானே தூக்கிட்டு வாரேன்."

"மழை உன்ரை பூசையைப் பாத்துக்கொண்டு நிக்குமோ?"

அவன் அசையவில்லை. எனக்கு ஆத்திரம். சீல் நாளைக்குப் போடலாம், ஜக்கில் குழாயைப் பொருத்துகிற திருகு பூட்டொன்று கசிகிறது, அதையாவது இறுக்குவோம் என்று நினைத்தேன். என் பையில் ஒரு சாவி மிஞ்சிக் கிடந்தது. பெட்டியைத் தூக்கினேன். பத்து நிமிடத்துக்கு நாலரை அங்குலம். எனக்கு வேண்டியது இரண்டு நிமிடம். கணக்குச் சரி. கட்டை இல்லாமல் உள்ளே போனேன்.

அரைச் சுற்று இறுக்கினேன். இன்னும் கொஞ்சம் — திருகுப் புரி தேய்ந்திருந்தது — குழாய் கழன்று ஒயில் முகத்தில் அடித்தது. கண் தெரியேல்லை. மேலை பெட்டி வாற சத்தம். பிறகு 'டக்' எண்டு ஒரு சத்தம். பெட்டி நிண்டிட்டுது.

கண்ணைத் துடைச்சுப் பாத்தன். தலைக்கு மேலை பாலைக் கட்டை. அதிலை சந்தனம், குங்குமம். நான் உள்ளுக்குப் போறதைப் பாத்திட்டு, பூசையிலை இருந்து தனியத் தூக்கிக்கொண்டு ஓடி வந்திருக்கிறார். நிமிர்த்தி வைக்கேக்கைதான் குழாய் கழண்டது. கட்டைக்கும் பெட்டிக்கும் நடுவிலை அவரின்ரை வலது கை.

அவர் கத்தேல்லை. "தம்பி, வெளிய வந்துட்டீங்களா?" எண்டு ரண்டு தரம் கேட்டார்.

11.10.81

யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரி. வலது கையில் நாலு விரல் இல்லை. பெருவிரல் மட்டும் மிச்சம்.

"சாமி குத்தம் தம்பி. பூசையில வச்சத எடுத்தேன்ல" என்றார். உண்மையாகவே அப்படித்தான் நம்புகிறார்.

மறுத்து ஏதாவது சொல்லியிருக்கலாம். தோடம்பழத்தை உரித்துக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

13.10.81

புது சீல், புதுப் பூட்டு. அரை மணித்தியாலம் தூக்கி நிறுத்தி அளந்தேன். ஒரு நூல்கூட இறங்கவில்லை. ஓட்டத்தான் ஆளில்லை.

14.10.81

நானே ஓட்டினேன். இரண்டாவது லோட் கட்டின் சரிவில் புதைந்தது. கயிறு போட்டு இழுத்தெடுக்கப் பின்னேரமாயிற்று. அவர் இதே சரிவில் ஒரு நாளைக்குப் பதினொரு தரம் ஏறி இறங்கினவர்.

17.10.81

விடாத மழை.

18.10.81

இருபதடி வாய் நாற்பதடியாகிவிட்டது. பெண்கள் சாக்கில் மண் கட்டிப் போட்டார்கள். சாக்கோடு மண்ணும் போனது. குளத்துத் தண்ணீர் முழுக்க எங்கள் கண் முன்னால் காட்டுக்குள் போனது. வீரம்மா குளக்கட்டில் குந்தியிருந்து பார்த்துக்கொண்டேயிருந்தா. 

21.10.81

ஊர்க் கதை இதுதான்: பழனியாண்டி பூசையில் கை வைத்தான். கையும் போச்சு, குளமும் போச்சு. கட்டையைத் தீட்டென்று தூக்கிப் பற்றைக்குள் எறிந்துவிட்டார்கள். சங்கத் தலைவர் முத்துலிங்கம் சொல்கிறார், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பழனியாண்டியின் பெயரைச் சங்கத்திலிருந்து வெட்டப் போகிறார்களாம். வேலையும் இல்லை, சங்கக் காணியும் இல்லை.

அவர் ஏன் கட்டையை எடுத்தார் என்று ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. உள்ளே நான் நின்றதைப் பார்த்தவர் அவர் மட்டும்தான். அவர் வாய் திறக்கவில்லை. நானும்தான். ஊரில் எல்லாருக்கும் முகத்துக்கு நேரே சொல்லுகிற ஆள் நான். பதினான்கு நாளாயிற்று.

24.10.81, சனி.

நாளைக்கும் அதற்குப் பிறகும்:

1. விடிந்ததும் பற்றைக்குள் போய்க் கட்டையைத் தேடி எடுத்து, கழுவி, லொறியில் பழைய இடத்தில் வைப்பது.

2. கூட்டத்தில் முதல் ஆளாக எழும்புவது. கட்டை இல்லாமல் உள்ளே போனது நான். பூட்டை இறுக்கினது நான். அவர் எடுத்தது எனக்காக. புரி தேய்ந்த கதை, மழைக் கதை ஒன்றும் சேர்க்காமல் சொல்வது.

3. வீரம்மா கேட்பா. கேட்கிற எல்லாவற்றுக்கும் 'ஓம்' சொல்வது. போகச் சொன்னால் போவது. அதற்கு முதல் 4, 5.

4. செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போய் இதையே பழனியாண்டி அண்ணைக்கும் சொல்வது. 'நீங்கள்' என்று.

5. லொறியின் ஸ்டியரிங் சுக்கானில் ஒரு குமிழ் பூட்டுவது. பெருவிரலாலும் உள்ளங்கையாலும் பிடித்துத் திருப்பக்கூடியதாக. மரம்: பாலை. அளவெடுக்க அவருடைய கை வேண்டும். தருவாரா என்று முதலில் கேட்பது.