ரெக்சின் திருக்கை

ஜூலை 14, திங்கள்

காலையிலேயே கச்சான் காற்று. யன்னலைச் சாத்தினால் வெக்கை, திறந்தால் மேசையெல்லாம் மணல். யாரோ ஒருவரின் காணி உறுதிப் பத்திரத்தைச் சிங்களத்திலிருந்து தமிழுக்கு மாற்ற உட்கார்ந்து, “கிழக்கே கடல்” என்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். தேநீர். மறுபடியும் தேநீர். வாசல் வரை நடை.

காரணம் தெரிந்ததுதான். நஜீம் அடுத்த திங்கள் கட்டார் போகிறான். சோபா தைக்கும் வேலை, இரண்டு வருட ஒப்பந்தம். நாங்கள் இருவருமாக எடுக்கும் பூதப் படத்தில் இன்னும் இரண்டு காட்சி பாக்கி: சனம் ஓடுவது, பூதம் சாவது. இரண்டும் இல்லாவிட்டால் கையில் இருப்பது ஒரு திருக்கை மீன் காரணமில்லாமல் நடந்து திரியும் படம்.

நஜீமுக்குக் கிண்ணியாவில் குஷன் கடை. பஸ் சீற், ஓட்டோ சீற். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து இங்கே வருவான். கதவைச் சாத்திவிட்டு லப்டொப்பில் மலிவான பூதப் படம். பல்லி, நண்டு, அட்டை: எது பெருத்து நகரத்தை மிதித்தாலும் சரி. வாசகர் வட்டத்தில் எனக்கு ஈரானியப் படங்கள் பிடிக்கும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அதை இனி மாற்ற ஏலாது.

அவன் போனால் வெள்ளிக்கிழமையில் யாரோடு பார்ப்பது? ஈரானியப் படம்தான்.

ஜூலை 15, செவ்வாய்

காற்று குறையவில்லை. நித்திரையும் இல்லை.

படத்துக்கான காகித அட்டை நகரம் கட்டி முடிந்தது. பூதம் எதை மிதிக்கலாம் என்று நஜீமோடு ஆலோசனை. கோயில் கூடாது. பள்ளிவாசல் கூடாது. விகாரை, தேவாலயம், நினைக்கவே வேண்டாம். ஆஸ்பத்திரி பாவம். பள்ளிக்கூடம் பாவம். பொலிஸ் நிலையம், பாவமில்லை, ஆனாலும். துறைமுகப் பக்கம் கமராவைத் திருப்பக்கூடாது. ஆகவே உலகின் மிகச் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று கைவசம் இருந்தும் எங்கள் பூதம் அதைப் பயன்படுத்துவதில்லை.

கடைசியில் என் வீட்டை மட்டும் மிதிக்கலாம் என்று முடிவானது. எந்தத் தரப்பிலிருந்தும் ஆட்சேபம் இல்லை.

நஜீம் தைத்த பூத உடுப்பு பச்சை நிறம். திருக்கை பச்சையில்லையே என்றேன்.

“மிச்சமா இரிந்த ரெக்சின் அதுதான் அண்ணன். படம் பார்க்கிற ஆக்கள் திருக்கைட நிறத்தையா பார்க்கப்போறாங்க? அது ரெண்டு காலில நடக்குது.”

திரைக்கதையில் ‘பச்சைத் திருக்கை’ என்று திருத்தினேன்.

ஜூலை 17, வியாழன்

நடந்ததை நேராக எழுதிவிடுகிறேன்.

டைக் வீதிக் கடற்கரையில் ஓடும் காட்சி. நஜீமின் மச்சான்மார், கிரிக்கெட் கழகத்துப் பெடியள், ஒரு இருபது பேர். கரையில் வலைக் கிழிசல் பொத்திக்கொண்டிருந்தவர்களிடம் முன்கூட்டியே சொல்லியாயிற்று. பூதத்தின் தலை கழன்றிருந்ததால் அதை ஓட்டோவுக்குள் வைத்து ஒட்டிக்கொண்டிருந்தோம். பூதம் காயும் வரை சனத்தை ஓடவிட்டு எடுப்போம் என்றேன். என் யோசனைதான்.

ஓடினார்கள். நன்றாகவே ஓடினார்கள். கரையிலிருந்து ஒழுங்கைக்குள், ஒழுங்கையிலிருந்து தெருவுக்கு. தெருவுக்கு நாங்கள் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

இந்த ஊரில் கடற்பக்கமிருந்து ஆட்கள் ஓடிவந்தால் ஏன் என்று யாரும் கேட்பதில்லை. கேட்காமல் ஓடுவார்கள். தெரு முழுக்க ஓடியது. ஒருவர் சவர்க்கார நுரையோடு. ஒரு பெண் பிள்ளையை ஒரு கையிலும் அடுத்த வீட்டுப் பிள்ளையை மறு கையிலும் தூக்கிக்கொண்டு. நின்ற இடத்தில் நின்றவை இந்த ஊர்த் தெருவில் மேயும் மான்கள் மட்டும்.

இடியப்பக் கடைச் செல்வி அக்காவைக் கோட்டைப் பக்கத்து மேட்டில் கண்டுபிடித்தோம். ஒரு கால் செருப்போடு இருந்தார். கையில் இடியப்ப உரல். சுனாமியில் கணவரைப் பறிகொடுத்தவர். ஒன்றும் வரவில்லை அக்கா, சும்மா படம் என்றோம். எங்களைப் பார்க்கவேயில்லை. கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நஜீம் கமராவை நிறுத்த மறந்திருந்தான். எல்லாம் பதிவாகியிருக்கிறது. பார்க்காமலே அழித்தான்.

ஜூலை 18, வெள்ளி

ஜும்மா முடிந்து வந்தான். படம் போடவில்லை.

“படத்த விடுவம் அண்ணன். நான் போற நேரம் இப்பிடி ஒரு பழி வேணாம்.”

சரி என்றேன். சரியில்லை. அங்கும் இங்கும் நடந்தேன். பிறகு இரண்டு பேருமாக அக்காவிடம் மன்னிப்புக் கேட்கப் போனோம். அக்கா மாப் பிசைவதை நிறுத்தவில்லை.

“என்னத்துக்காம் ஓடினவை?”

“படத்திலை பூதம் துரத்துது அக்கா” என்றேன்.

“எங்கை பூதம்? நான் காணேல்லை.”

“ஓட்டோக்குள்ள இரிந்த” என்றான் நஜீம்.

“செருப்பையும் விட்டிட்டு மேடு வரைக்கும் ஓடியிருக்கிறன். எதுக்கு ஓடினனான் எண்டாவது காட்டுங்கோ.”

கொண்டுவந்து காட்டினோம். கை கழுவிவிட்டு அதைச் சுற்றி வந்தார். அதன் வயிற்றை அமுக்கினார்.

“இது மூதூர் பஸ் சீற்றெல்லே.”

“ஓம் அக்கா.”

“பின்னுக்கு ஸிப் கிடக்கு. உள்ளுக்கு ஆர்?”

“நான்தான்” என்றான் நஜீம்.

“வேர்க்காதோ?”

“சாகலாம் போல இரிக்கும்.”

அக்கா சிரிக்கவில்லை. பூதத்தின் கையைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றார். இந்தப் படங்களை ஏன் பார்க்கிறோம் என்று இத்தனை வெள்ளிக்கிழமைகளாக நானும் நஜீமும் தர்க்கித்திருக்கிறோம். நான் பெரிய சொற்களெல்லாம் பாவித்திருக்கிறேன். விசயம் இவ்வளவுதான்: வருவது எதுவென்று தெரிகிறது. அதற்கு ஒரு முகம். அதற்குள் ஒரு மனிதன், அவனுக்கும் வேர்க்கிறது. நிசமாக வந்ததற்கு முகமே இருக்கவில்லை.

“நாளைக்கு எடுங்கோ” என்றார் அக்கா. “தெருவுக்கு நான் சொல்லுறன். இதை முன்னாலை விடுங்கோ, சனம் பார்த்திட்டு ஓடட்டும்.”

ஜூலை 19, சனி

அக்கா வீடு வீடாகப் போய்ச் சொன்னதில் தெரு முழுவதும் நடிக்க வந்துவிட்டது. பூதம் முன்னால். எல்லோரும் ஓடினார்கள். ஒருவர் விடாமல் சிரித்துக்கொண்டே.

“பயப்புடுங்க!” என்று பூதத்துக்குள்ளிருந்து நஜீம் கத்தினான். இன்னும் கூடச் சிரித்தார்கள். சவர்க்காரக்காரர் வீட்டிலிருந்தே நுரை பூசிக்கொண்டு வந்திருந்தார்.

அதையே வைத்துக்கொள்வதாக முடிவு. விமர்சகர்கள் கேட்டால் அது உத்தி.

ஜூலை 20, ஞாயிறு

காற்று விழுந்துவிட்டது. வெயில் கண்ணைக் குத்துகிறது.

கடைசிக் காட்சி. முதலில் எழுதியது: விமானம் வந்து குண்டு போடும். விமானம் சீனன்குடா விமானப்படைத் தளத்தில் இருக்கிறது, கேட்டால் தரமாட்டார்கள். இரண்டாவதாக எழுதியது: காயப்பட்ட பூதம் மெல்லக் கடலுக்குள் திரும்பிப் போகும், சூரியன், இசை. கொஞ்சம் ஈரானியம்.

நஜீம் முழங்கால் தண்ணீரில் இறங்க, கரையிலிருந்து அக்கா, “எங்கை போகுது அது?”

“திரும்பக் கடலுக்கு, அக்கா.”

“வேண்டாம் தம்பி. கடலுக்கை விட்டால் பிறகும் வரும். எப்ப வருமெண்டு ஆர் பார்த்துக்கொண்டிருக்கிறது? கரையிலை வைச்சுக்கொள்ளுங்கோ. கண்ணுக்கு முன்னாலை இருக்கட்டும்.”

நான் திரைக்கதையை மடித்துப் பொக்கெற்றில் வைத்தேன். நஜீம் கரையேறி மணலில் உட்கார்ந்தான், ரெக்சினிலிருந்து தண்ணீர் வடிய, கடலைப் பார்த்தபடி. அக்கா போய்ப் பக்கத்தில் குந்தினார். அது யாரும் எழுதாதது. கமரா ஓடிக்கொண்டேயிருந்தது. நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. படம் அவ்வளவுதான்.

ஜூலை 21, திங்கள்

நஜீம் காலை பஸ்சில் போய்விட்டான். பெரிதாகக் கதை இல்லை. “காயவச்சு எடுங்க அண்ணன், பூஞ்சணம் பிடிக்கும்.” அவ்வளவுதான்.

பூதம் என் ஹோலில், கதிரையில்.

காணி உறுதியை எடுத்தேன். வைத்தேன். தன் கடைக்குப் போகும் வழியில் செல்வி அக்கா என் கேற்றடியில்.

“இருக்கோ?”

“இருக்கு அக்கா.”

“கடலைப் பார்த்தபடியோ?”

சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. போய்த் திருப்பி வைத்தேன்.