வாசலுக்கு வந்த அதிரடிப்படை

அண்ணை,

இன்று காலை பால் வாங்கப் போனபோது, எங்கள் ஒழுங்கை முகப்பில் பொலிஸ் அதிரடிப்படையின் மோட்டார் சைக்கிள்கள் நான்கு நின்றன. ஒருவரும் என்னை மறிக்கவில்லை. ஆனாலும் கை தானாகச் சேட்டின் விளிம்பைப் பிடித்துவிட்டது. உங்கள் தம்பி வேறு எப்படி இருப்பேன்.

வாள்வெட்டுக் கும்பல் எதிர்வீட்டு யன்னல்களை நொறுக்கிய அந்தப் பழைய நாள் உங்களுக்கு மறந்திருக்காது. அவர்களில் ஒருவனை நீங்கள் சுன்னாகம் சந்தையில் வைத்து ஏசியிருந்தீர்கள். அடுத்தது எங்கள் வீடுதான் என்று எனக்குப் பட்டது. பொலிசுக்குச் சொல்வோம் என்றேன்.

"வாள்காரன் ஒருநாள் வந்திட்டுப் போவான். உந்தப் பொலிசுக்காரங்கள் எங்கடை பேர் எழுதிக்கொண்டு போவாங்கள். எழுதின பேர் அழியாது," என்றீர்கள்.

நீங்கள் கிணற்றடிக்குக் குளிக்கப் போன நேரம் நான் பொலிசுக்கு ரெலிபோன் எடுத்துச் சொன்னேன். இதை உங்களுக்கு இப்போதுதான் சொல்கிறேன்.

மறுநாள் மத்தியானம் வந்தார்கள். முகத்தில் கறுப்புத் துணி, கையில் துப்பாக்கி. கும்பலும் முகத்தை மூடிக்கொண்டுதான் வந்தது. படலையைத் திறந்த நீங்கள், கேட்காமலே அடையாள அட்டையை நீட்டினீர்கள். பிறகு சேட்டை நெஞ்சுவரை தூக்கி, மெல்ல ஒருமுறை சுற்றிக் காட்டினீர்கள். சண்டைக் காலத்தில், குண்டு கட்டவில்லை என்று காட்டிக் காட்டி, எத்தனை சோதனைச் சாவடியில் பழகிய உடம்பு அது. தமிழ் தெரிந்த ஒரு பெடியன், மட்டக்களப்புப் பக்கமாக்கும், துணியை இறக்கிவிட்டு, "ஐயா, சேட்ட விடுங்க. சோதிக்க வரல்ல, காவலுக்கு வந்திருக்கம்," என்றான். நீங்கள் விடவில்லை. எனக்கு அழுகை வந்தது.

ஒரு மாதம் ஒழுங்கையைச் சுற்றினார்கள். கும்பல் திரும்பி வரவில்லை. வாளைத் தடுக்கத்தான் வந்தார்களா, அந்தச் சாட்டில் யார் வீட்டில் யார் இருக்கிறார் என்று பார்த்துக்கொண்டு போனார்களா, எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. உங்களுக்கு இருந்தது வேறு கேள்வி: "ஆர் சொல்லி வந்தவங்கள்?"

பக்கத்து வீட்டு மாணிக்கம் அண்ணை அந்தப் பெடியனுக்குத் தேத்தண்ணி கொடுத்ததைக் கண்டீர்கள். கொழும்பில் வேலை செய்த மனிதர், சிங்களம் தெரியும். "உவன்தான் சொன்னவன்," என்றீர்கள். பின்னேரங்களில் உங்களோடு கடதாசிச் சீட்டு விளையாட அவர் நுழைந்து வருகிற வேலி ஓட்டையைத் தகரம் வைத்து அடைத்தீர்கள். நீங்கள் ஆணி அடிக்க, தகரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான்.

உங்கள் செத்தவீட்டன்று அவர் படலைக்கு வெளியே, வெயிலில், கடைசிவரை நின்றார். உள்ளே வரவில்லை.

இன்று பாலோடு திரும்பி வரும்போது மாணிக்கம் அண்ணை என்னை மறித்தார். படையைக் கண்டதும் அவருக்கும் பழசு கிளறியிருக்கும்.

"தம்பி, நான் என்ன பிழை விட்டனான்? உன்ரை அண்ணர் ஏன் என்னோடை கதைக்காமலே போனவர்?"

"தெரியாது அண்ணை," என்றேன்.

உங்களுக்கு எழுதுவது சுகம். நீங்கள் திருப்பி ஏசப்போவதில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் உயிரோடு இருக்கிறவருக்குச் சொல்லத்தான் எனக்கு வாய் வருகுதில்லை.