நான்கு லாரிகளும் நான் சொன்ன ஒரு வாக்கியமும்

இன்று காலை அலுவலகக் கதவைத் திறந்ததும் ஆரஞ்சுத் தோல் சூடாகும் வாசனை வந்தது. யாரோ உன்னைப் போலவே ஹீட்டர்மேல் கின்னோ ஆரஞ்சுத் தோலைப் போட்டுவைத்திருந்தார்கள். கையிலிருந்த பையைக் கீழே வைக்கவும் தோன்றாமல் வாசலிலேயே நின்றுவிட்டேன். புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி பதறிப்போய், வாசனை பிடிக்கவில்லையா, எடுத்துவிடட்டுமா என்று ஹிந்தியில் கேட்டாள். இருக்கட்டும் என்றேன். உன் நாற்காலியில் இப்போது அவள்தான் உட்காருகிறாள். உன்னை அவளுக்குத் தெரியாது.

உனக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று இரண்டு குளிர்காலமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். எழுதினால் அந்த ஜனவரிக் காலையைப் பற்றி எழுத வேண்டியிருக்கும். அதனால்தான் எழுதவில்லை.

டெல்லி விமான நிலையத்துக்குப் பின்னால், இந்தச் சரக்குக் கிடங்கின் மாடியில், லாரிகளை அனுப்பும் டிஸ்பாட்ச் மேசையில் நாம் இருவர்தான் தமிழ். நீ கல்யாணமாகி மதுரையிலிருந்து வந்தவள். கணவருக்கு மத்திய அரசில் குமாஸ்தா வேலை, லக்ஷ்மிபாய் நகரில் குவார்ட்டர்ஸ். நான் இங்கேயே பிறந்து, இங்கே தமிழ்ப் பள்ளியில் படித்து, துவாரகாவில் அம்மாவோடு இருப்பவள். முதல் நாளே, "உனக்குத் தமிழ் எழுதப் படிக்க வருமாடி?" என்று கேட்டாய். வரும் என்றேன். "அப்ப நீ நம்ம கட்சி" என்று ஒரு கின்னோவை உரித்துப் பாதியை என் பக்கம் தள்ளினாய். ஐந்து வருடம் அப்படித்தான் போயிற்று.

மூன்றாம் வருடம் அந்த சாப்ட்வேர் வந்தது. எந்தச் சரக்கை எந்த லாரியில் ஏற்றுவது, எந்த வழியில் போவது, எங்கே முதலில் இறக்குவது, எத்தனை மணிக்குப் போய்ச்சேரும், எல்லாவற்றையும் அதுவே போட்டுக் கொடுத்துவிடும். நாம் பார்த்து ஒரு பட்டனை அழுத்தினால் டிரைவரின் போனுக்குப் போய்விடும். நான் பயந்தேன். நீ ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டு எனக்கும் சொல்லிக்கொடுத்தாய். உனக்கு அது பிடித்திருந்தது. மத்தியானம் வரை இழுத்துக்கொண்டிருந்த வேலை ஒன்பது மணிக்குள் முடிகிறதே என்று சந்தோஷப்பட்டாய். "கெட்டிக்காரப் பிள்ளைடி இது. என்ன, ஜன்னல் இல்லாத ரூம்ல உக்காந்திருக்கு. வெளிய மழையா வெயிலான்னு நாமதான் சொல்லணும்" என்பாய்.

ஆனால் நாம் சொல்வதை அது தவறு என்றுதான் எழுதிவைத்துக்கொண்டது. அது போட்ட வழியையோ நேரத்தையோ மாற்றினால், மாற்றியவர் பெயருக்கு எதிரே சிவப்பில் ஒரு கோடு விழும். மாதக் கடைசியில் மேனேஜர் அந்தக் கோடுகளை எண்ணுவார். உன் பெயருக்கு எதிரே எப்போதும் நாலைந்து இருக்கும். லாரி கிளம்பும் முன் ஒவ்வொரு டிரைவரையும் கூப்பிட்டு, "பையா, நேத்து எத்தனை மணி நேரம் தூங்கினீங்க?" என்று அண்ணன் முறைவைத்து உன் மதுரை ஹிந்தியில் கேட்பாய். பதில் திருப்தியாக இல்லையென்றால் அந்த லாரி அரை மணி நேரம் நிற்கும். அவர்கள் முதலில் உன் ஹிந்தியைக் கேட்டுச் சிரித்தார்கள். பிறகு உன்னிடம் மட்டும் பொய் சொல்வதை நிறுத்தினார்கள்.

அந்த ஜனவரிக் காலை உனக்கு ஞாபகம் இருந்திருக்கும். ஆக்ராவில் ஒரு பெரிய கடையின் திறப்பு விழா. நான்கு லாரிச் சரக்கு பதினொரு மணிக்குள் போய்ச்சேர வேண்டும். ஆறரை மணிக்குக் கிளம்பச் சொன்னது சாப்ட்வேர். விரைவுச்சாலை முழுவதும் பச்சைக் கோடு, தடங்கல் எதுவுமில்லை. நீ எழுந்து வெளியே போனாய். திரும்பி வந்தபோது உன் தலைமுடியெல்லாம் ஈரமாக இருந்தது.

"ஒரே பனிமூட்டம். படில நின்னு பாக்குறேன், வாசல் கேட்டே தெரியலடி. முன்னாடி நிக்கிற லாரியே தெரியல. இவிங்கள எப்படி அனுப்ப?"

"சாப்ட்வேர்ல ரோடு கிளியரா இருக்கே" என்றேன்.

"ரோடு கிளியராத்தான் இருக்கும். ரோட்டைப் பாக்கத்தான் முடியாது."

நான்கையும் நிறுத்தினாய். நான்கு சிவப்புக் கோடுகள். பத்து மணிக்கு வெயில் எட்டிப் பார்த்த பிறகுதான் விட்டாய். முதல் லாரி பல்பீருடையது. மத்தியானம் அவர் வழியிலிருந்து கூப்பிட்டார். நீ ஸ்பீக்கரில் போட்டாய். காலையில் பனிமூட்டத்தில் வண்டிகள் ஒன்றின் பின் ஒன்றாக மோதிக் கிடக்கின்றன, இன்னும் கிரேன் வைத்து இழுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்றார். "சொன்ன நேரத்துக்குக் கிளம்பியிருந்தா நாங்க நாலு பேரும் இங்கதான் இருந்திருப்போம், மேடம்ஜி." போனை வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாய். உன் கை சில்லென்று இருந்தது.

அந்த வார அறிக்கையில் நான்கு லாரி தாமதம் என்று மட்டும் வந்தது. மோதாத லாரியைப் பற்றி எழுத அதில் இடம் இல்லை. கடைக்காரர்கள் கடுமையாகப் புகார் எழுதியிருந்தார்கள். மேனேஜர் நம் இருவரையும் அறைக்கு அழைத்தார். நீ நடந்ததைச் சொன்னாய். அவர் உன்னைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். "நீங்க பக்கத்துல இருந்தீங்க இல்ல? அன்னைக்கு சிஸ்டம் என்ன காட்டிச்சு?"

டீம் லீடர் பதவிக்கு என் பெயர் போயிருந்த வாரம் அது. உனக்கும் தெரியும், நீதான் எனக்காகச் சாமிக்கு வேண்டிக்கொண்டிருந்தாய். பல்பீர் பேசியதை நானும் கேட்டேன் சார் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? நான் சொன்னது இதுதான்: "ரூட் கிளியர்னுதான் காட்டிச்சு, சார்."

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. இத்தனை நாளும் என்னைத் தூங்கவிடாமல் செய்வது அதுதான்.

நீ என்னை ஒரு தடவை பார்த்தாய். பிறகு, தாமதத்துக்கு நீயே பொறுப்பு என்று மேனேஜர் நீட்டிய காகிதத்தில் கையெழுத்துப் போட்டாய். மறுநாள் உன்னைக் கீழ்த்தளத்தில் புகார் கேட்கும் பிரிவுக்கு மாற்றினார்கள். இரண்டு மாதத்தில் வேலையை விட்டாய். கடைசி நாள் மாடிக்கு வந்து என் மேசையருகே நின்றாய். ஏதாவது கேட்டுவிடுவாய் என்று நான் ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தேன். "பல்பீருக்கு சுகர் இருக்கு. காலைல சாப்பிட்டாரான்னு கேக்காம அனுப்பாத, என்ன?" என்றாய். சரி என்றேன். போய்விட்டாய்.

டீம் லீடர் ஆனேன். உன் எண்ணை எத்தனையோ தடவை எடுத்தேன். முதலில் என்ன சொல்வது என்று தெரியவில்லை. பிறகு, இத்தனை நாள் ஏன் பேசவில்லை என்பதற்கும் சேர்த்துச் சொல்ல வேண்டியதாயிற்று. பொங்கலுக்குப் பேசலாம், தீபாவளிக்குப் பேசலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன். அடுத்த டிசம்பரில் ஒருநாள் பல்பீர் மாடியேறி வந்தார். டிரைவர்கள் மாடிக்கு வருவதில்லை. தலைப்பாகையைத் தொட்டுக்கொண்டு, "மேடம் நஹீ ரஹீ" என்றார். மேடம் இப்போது இல்லை. ரத்தத்தில் ஏதோ நோயாம். மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தாயாம். டிரைவர்கள் முறைபோட்டு வந்து ரத்தம் கொடுத்திருக்கிறார்கள். என்னிடம் யாருமே சொல்லவில்லை. நானும் உன்னைப் பற்றி யாரிடமும் கேட்டதில்லை.

உன் வீட்டுக்கு வந்தேன். வாசலில் செருப்புகளுக்கு நடுவே நின்றேன். உன் மகள்தான் வந்து கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். பதினொரு வயதுக்கு உன் உயரம் வந்துவிட்டாள். ஹிந்தியும் தமிழும் கலந்து மெதுவாகச் சொன்னாள்: "ஆன்ட்டி, ஹாஸ்பிடல்ல மம்மி போனை சைலன்ட்ல போடவே விடல. நர்ஸ் திட்டினாங்க. அப்பவும் போடல. ஆபீஸ்லேருந்து நீங்க பண்ணுவீங்கன்னு சொன்னாங்க."

அவள் குற்றம் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள். அன்று நான் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பி, பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து, சால்வையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். எனக்காகத்தான் அழுதேன். உனக்காக அழும் யோக்கியதை அப்போது எனக்கு இருக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் போனேன். உன் கணவரிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று ஒரு வருடமாக அரித்துக்கொண்டிருந்தது. நீ ஏன் வேலையை விட்டாய் என்று அவருக்குத் தெரியாது என்றே நினைத்திருந்தேன். அவர் காபி கலந்து கொண்டுவந்து வைத்தார். அதைத் தொடாமல், மேனேஜர் கேட்டதையும் நான் சொன்னதையும் சொல்லாததையும் ஒன்று விடாமல் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும், "தெரியும்மா" என்றார்.

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"அன்னைக்குச் சாயங்காலமே வந்து சொன்னா. எனக்குத்தான் கோவம். இப்படிப்பட்ட பிள்ளையோட இனிமே என்ன பேச்சுன்னு கத்துனேன். அவ சொன்னா, 'கத்தாதீங்க. பயந்துட்டா அவ. அப்பா இல்லாத வீடு, அவ சம்பளந்தான். பாவம்' அப்படின்னு சொன்னா." காபி ஆறுகிறது, குடியுங்கள் என்றார். வாசல்வரை வந்து, அடிக்கடி வாங்க என்றும் சொன்னார்.

நீ திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். என் பெயரையே எடுக்கக் கூடாது என்று வீட்டில் சொல்லிவைத்திருந்தால்கூட, அதுவும் நியாயம்தான் என்று ஒருநாள் மனம் ஆறியிருக்கும். நீயோ என்னைப் பாவம் என்று சொல்லிவிட்டாய், உன் மேசை பறிபோகப்போகிறது என்று தெரிந்த அதே சாயங்காலத்தில். அந்த ஒரு சொல்லை ஏந்திக்கொண்டுதான் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து திரிகிறேன். அதை இறக்கிவைக்க எனக்கு இருந்த ஒரே இடம் உன் நாற்காலிப் பக்கம்தான். அங்கே நீ இல்லை.