‘நீக்கு’ என்ற பொத்தான்

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நீ அனுப்பிய கணினியிலிருந்தே இந்த மின்னஞ்சலை எழுதுகிறேன். இரவு மணி ஒன்று. அம்மா எம்பிராய்டரி மெஷினுக்குப் பக்கத்திலேயே படுத்திருக்கிறாள். சத்தம் வராமலிருக்க ஒற்றை விரலால் தட்டுகிறேன். அவள் புரண்டால் விரலை எடுத்துவிடுகிறேன்.

பழைய கணினி என் கையில் இருக்கும்போதுதான் அணைந்தது. அதனால் இதன் பக்கமே போகக் கூடாதென்று அம்மாவின் உத்தரவு. “ஒண்ணைக் கொன்னது போதாதா? இதையாவது உசிரோட விடுடீ. அண்ணன் லீவுல வந்து பாத்துப்பான்” என்கிறாள். உன் லீவுக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. சின்னம் வரையும் மென்பொருள் இல்லாமல் மெஷின் ஒன்பது நாளாகச் சும்மா நிற்கிறது. பள்ளிக்கூடச் சட்டை அறுபதில் சின்னம் தைக்க வேண்டும். காலையில் சட்டைகளைத் திருப்பிக் கொடுத்துவிடப் போகிறாளாம். அப்படிச் சொல்லிவிட்டு, எனக்குச் சோறு போட்டு, தான் சாப்பிடாமல் படுத்துவிட்டாள்.

அதனால்தான் தொட்டேன். முதலில், பழைய கணினியில் போடுகிற கோப்பை இறக்கினேன். இது வேறு வகைக் கணினி போல, அதைக் கண்டுகொள்ளவே இல்லை. பிறகு இதற்குள்ளேயே மென்பொருள் கடை ஒன்று இருப்பதைப் பார்த்தேன். தேடி எடுத்து, ‘நிறுவு’ என்பதை அழுத்தி, நீ சீட்டில் எழுதி அனுப்பிய கடவுச்சொல்லைக் கொடுத்தேன். முடிந்தது என்றது. ஆனால் அதைத் திறக்கத் திரையில் ஒரு படமும் வரவில்லை. மறுபடி கடைக்குப் போனால் ‘நிறுவு’ இருந்த இடத்தில் ‘நீக்கு’ என்றிருந்தது. ஏதோ தப்பாகிவிட்டது என்று நீக்கிவிட்டுத் திரும்ப நிறுவினேன். சிரிக்காதே, மூன்று தடவை!

அப்புறம்தான் உறைத்தது. இல்லாததை நீக்கவா என்று எதற்குக் கேட்கிறது? வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன். மூலையிலிருந்த பட்டியலைத் திறந்து பெயரை அடித்தேன். வந்து நின்றது, அண்ணா! யாரும் சொல்லித் தரவில்லை.

பள்ளிச் சின்னத்தை அதில் வரைந்து, பென் டிரைவில் ஏற்றி, அம்மாவின் காலைத் தாண்டிப் போய் மெஷினில் செருகினேன். மெஷின் திரையிலும் அழகாகத் தெரிகிறது. ஓட்டித்தான் பார்க்கவில்லை. ஓட்டினால் தெருவே எழுந்துவிடும்.

ஆறு மணிக்கெல்லாம் அம்மா சட்டைகளை மூட்டை கட்டிவிடுவாள். அதற்கு முன் போன் செய். நான் வாயைத் திறப்பதற்குள் கையை ஓங்கிவிடுவாள். நீ அங்கிருந்தே சரிசெய்ததாகச் சொல் என்று முதலில் எழுதியிருந்தேன். அந்த வரியை அழித்துவிட்டேன். தங்கச்சிதான் செய்தாள் என்றே சொல். அடி விழுந்தால் வாங்கிக்கொள்கிறேன்.

தூங்கிவிடாதே, அண்ணா.

உன் போனுக்கு விழித்திருக்கும்,
உன் தங்கை