போயிட்டு வர்றேன் என்று சொல்லாதே

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். எல்லோரும் சௌக்கியம் என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன், ஆறு வருஷமாக அதையே எழுதி எழுதி அந்த வரி தேய்ந்துவிட்டது, அதனால் இந்தத் தடவை உள்ளபடி சொல்கிறேன், முக்கால் சௌக்கியம், மிச்சக் கால் உன் அப்பாவுடையது. பதறாதே, தேறிவருகிறார், அதைப் பிறகு விவரமாக எழுதுகிறேன். நீ ஊர் திரும்புகிற பரபரப்பில் சாப்பாட்டைத் தள்ளிப்போடாமல் இருந்தால் சரி. உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. க்ளினிக்கில் என் மேஜையில் உட்கார்ந்துதான் பதில் எழுதுகிறேன், டாக்டர் உள்ளே ஒரு பல்லைக் குடைந்துகொண்டிருக்கிறார், அந்த மெஷின் சத்தம் நிற்கிறவரை என்னை யாரும் கூப்பிட மாட்டார்கள். ஃபோனிலேயே சொல்லலாம்தான், ஆனால் நீ கூப்பிட்டாலே உன் அப்பா பக்கத்தில் வந்து காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார், அவரை வைத்துக்கொண்டு அவரைப் பற்றி எப்படிப் பேசுவது. உன் தம்பிக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது, அன்றிலிருந்து வீட்டில் எல்லோருக்கும் புத்தி சொல்ல ஆரம்பித்துவிட்டான். மாடித் தண்ணீர்த் தொட்டி ஒழுகியது, அடைத்தாயிற்று. கீழே உன் அறையில் இப்போது அப்பா படுக்கிறார், உன் சாமான்களை மாடிக்கு ஏற்றிவிட்டோம், வந்ததும் காணோம் காணோம் என்று வீட்டைத் தலைகீழாக்காதே.

இனி உன் கடிதத்துக்கு வருகிறேன். செயற்கைக் கால் பொருத்தி நீ நடக்கப் பழக்குகிற அந்தத் தச்சரைப் பற்றி நீ எழுதியிருந்ததை மூன்று தடவை படித்தேன். அங்கே போன புதிதில் சாயங்காலம் வேலை முடிந்து கிளம்பும்போது நம் வழக்கப்படி ‘போயிட்டு வர்றேன்’ என்பதை அவர்கள் பாஷையில் அப்படியே நீ சொன்னதும், இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற ரூமுக்குப் போவதற்கா இவ்வளவு பெரிய பேச்சு என்று அவர்கள் சிரித்ததும், அப்புறம் வார்டு முழுக்க அதையே சொல்ல ஆரம்பித்ததும் எனக்கு நினைவிருக்கிறது, அந்தக் கடிதத்தை க்ளினிக்கில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். இப்போது இந்த மாதக் கடைசியில் ஒரேயடியாகக் கிளம்புகிறேன் என்று அறிவித்த அன்றைக்கும் உன் வாய் பழக்கதோஷத்தில் அதையே சொல்லிவிட்டது, தச்சரும் அதைப் பிடித்துக்கொண்டு, நீ திரும்பி வந்த பிறகு நடந்துகொள்கிறேன் என்று புதுக் காலைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டார், உன் இடத்துக்கு வந்திருக்கும் பெண்ணைக் கிட்டவே விடுவதில்லை. சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிடட்டுமா, இல்லை அவர் மனம் நோகாமல் வருகிறேன் என்றே சொல்லிவிட்டு வரட்டுமா என்று என்னைக் கேட்கிறாய். இரண்டும் வேண்டாம்.

நடுவில் ஒருத்தர் வந்துவிட்டார். கடைவாய்ப் பல்லை எடுத்துத்தான் ஆக வேண்டும் என்று போன வாரமே டாக்டர் சொல்லிவிட்டார், மனிதர் இன்றைக்கும் நாற்காலியில் உட்காராமலே ‘நாளைக்குக் கண்டிப்பா வர்றேம்மா’ என்று சொல்லிவிட்டுப் போகிறார். வரமாட்டார் என்று அவருக்கும் தெரியும் எனக்கும் தெரியும், நோட்டில் பேரைக்கூட நான் எழுதவில்லை. இருபது வருஷமாக இந்த மேஜையில் இதைக் கேட்டுக் கேட்டு எனக்குப் பழகிவிட்டது. நீ சொல்வது அப்படியில்லையே, நீ சொன்னால் நம்புகிறார்கள். நம்பினால் என்ன ஆகும் என்பதைத்தான் இந்த வீட்டில் ஆறு வருஷமாக உனக்குத் தெரியாமல் மூடி வைத்திருக்கிறோம்.

நீ கிளம்பிய அன்று, வாசலில் பெட்டியை வைத்துக்கொண்டு, ‘ரெண்டே வருஷம்ப்பா, போயிட்டு வந்துடறேன், வந்ததும் உங்க முட்டிய நான் பாத்துக்கறேன்’ என்றாய். உனக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ, அவர் மறக்கவில்லை. முப்பது வருஷம் பஸ்ஸில் கிளட்ச் மிதித்த கால், அப்போதே வலிதான். நீ போன மறு வருஷமே முட்டி டாக்டர் ஆபரேஷன் செய்துவிடலாம் என்றார், இவர் ‘எம் பொண்ணு இதுக்குத்தான் படிச்சிருக்கா, அவ வந்துடட்டும்’ என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டார். இரண்டு வருஷம் மூன்றாகி, நாலாகி, நீட்டித்திருக்கிறேன் என்று ஒவ்வொரு தடவை நீ எழுதும்போதும் படித்துவிட்டு மடித்து வைத்து ‘ஒரு வருஷம்தானே’ என்பார். முதலில் மாடிப்படி நின்றது, அப்புறம் கடைக்குப் போவது நின்றது, கடைசியில் ஷேவ் செய்வதுகூட உட்கார்ந்துதான். அப்பா நன்றாக நடக்கிறார் என்று நான் எழுதியதெல்லாம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து எழுத வைத்தது. எழுதினது என் கைதானே. நானும், நீ வந்து பார்த்துக்கொள்வாய் என்று சும்மா இருந்துவிட்டேன். போன மாதம் ஒரு நாள் குளியலறையில் உட்கார்ந்தவர் எழுந்திருக்க முடியாமல் முக்கால் மணி நேரம் அப்படியே இருந்திருக்கிறார், நான் இங்கே நோட்டில் பேர் எழுதிக்கொண்டிருந்தேன். அதற்கு மேல் நானும் உன் தம்பியும் அவர் பேச்சைக் கேட்கவில்லை. ஆபரேஷன் முடிந்து இன்றோடு இருபத்து நாலு நாள். அங்கே வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடிவருவாய் என்றுதான் சொல்லவில்லை. அப்பா முன்பே ஆபரேஷனுக்கு வந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும், உட்கார்ந்து உட்கார்ந்து தொடையில் சதையே இல்லை, முட்டி முழுசாக மடங்காமல் போகலாம் என்று டாக்டர் சொன்னார். இப்போது வாக்கர் வைத்துக்கொண்டு வாசல்வரை நடக்கிறார். பயிற்சி கொடுக்க வீட்டுக்கு வருகிறவர் என் வயதுப் பெண்மணி, கொஞ்சமும் இரக்கம் காட்டுவதில்லை, அவருக்குக் ‘கண்டக்டரம்மா’ என்று பேர் வைத்திருக்கிறார் உன் அப்பா, அவர் ரைட் கொடுக்காமல் வண்டி நகர்வதில்லை.

உன்னைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. சரி, கொஞ்சம் குற்றம் சொல்லவும்தான். உன்மேல் எனக்குக் கோபம் இருந்தது, இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது, நேரில் பார்த்தால் போய்விடும். அங்கே எத்தனை பேரை எழுப்பி நிற்க வைத்தாய் என்று எண்ணிப் பெருமைப்பட்டதும் இதே மனசுதான். ஆனால் இன்னொரு வீட்டில் இன்னொரு மனிதர் உன் வார்த்தையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடக் கூடாது. சின்ன வயதில் வாய் தவறிப் ‘போறேன்’ என்று சொன்னால் உன் தலையில் குட்டி, போயிட்டு வர்றேன்னு சொல்லுடி என்று பழக்கியவளே நான்தான், இப்போது நானே சொல்கிறேன், அந்தத் தச்சரிடம் போறேன் என்று சொல். கிளம்புகிற அவசரத்தில் தலையை நீட்டிச் சொல்லாதே, நாலு நாள் முன்னாடியே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து சொல், இனிமேல் வரமாட்டேன், இந்தப் பெண்தான் இனிமேல் என்று அவளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொல். திட்டுவார், முகத்தைத் திருப்பிக்கொள்வார், உடனே சமாதானப்படுத்தப் பார்க்காதே, எழுந்தும் வந்துவிடாதே. நீ இருக்கும்போதே அவள் கையைப் பிடித்துக்கொண்டு அவர் ரெண்டு அடி வைத்துவிட்டால் போதும். நீ அழுதால் அழு, அதிலென்ன.

உன் கடிதத்தை அப்பாவுக்கு வாய்விட்டுப் படித்தேன். நேற்றுக் காலையில் கட்டிலில் உட்கார்ந்து பயிற்சிக்காகத் துண்டைப் பாதத்தில் மாட்டி இழுத்துக்கொண்டிருந்தவர், திடீரென்று ‘அந்த ஆளு வீட்டுக்கு எத்தன படி ஏறணுமாம்?’ என்று கேட்டார். தெரியாது என்றேன். நம்ம பொண்ணு கிளம்பின அன்றைக்கு என்ன சொல்லியிருக்கணும் என்று கேட்டேன். துண்டைப் பாதத்திலிருந்து கழற்றினார். ‘போறேம்ப்பான்னு சொல்லியிருந்தா அன்னிக்கு உக்காந்து அழுதிருப்பேன், மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பேன்’ என்றார். கோபமாகச் சொல்லவில்லை, பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால் சொல்கிற மாதிரிதான் சொன்னார். நான் அடுப்பைப் பார்க்கிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

மெஷின் நின்றுவிட்டது, டாக்டர் கூப்பிடுகிறார், சீக்கிரம் முடிக்கிறேன். நான் இதையெல்லாம் எழுதியது அப்பாவுக்குத் தெரியாது, ஃபோனில் உளறிவிடாதே. ஏர்போர்ட்டுக்கு வந்தே தீருவேன் என்று அடம்பிடிப்பார், அவ்வளவு நேரம் நிற்க முடியாது, அதனால் தம்பி மட்டும் வருவான். மருந்து மாத்திரைகளைக் கைப்பையில் வை. உன் கடைசி வரியில் ‘இனிமே உங்களை விட்டு எங்கயும் போகமாட்டேம்மா’ என்று எழுதியிருக்கிறாய், அதை மட்டும் அப்பாவுக்கு நான் படித்துக் காட்டவில்லை. இன்னும் நாலு மாதத்தில் வேறு எங்காவது நீ தேவைப்படுவாய், உனக்கும் கால் பரபரக்கும், உன்னைப் பெற்றவளுக்கு இது தெரியாதா. அப்போது போ, போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போ, எங்களால் தாங்க முடியும். எவ்வளவு நாள் இருப்பாய் என்று இங்கே யாரும் கேட்க மாட்டோம். நீயும் வாசலில் நின்றுகொண்டு எதையும் சொல்லாதே, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வா.

ஆறு வருஷம் பிறத்தியாரைத் தாங்கிய உன் கைகாலுக்கு ஒரு குறையும் வராமல் நன்றாக இருக்க வேண்டும் என்று வாழ்த்தும்,
உன் அம்மா