வாஷிங்டன் வீட்டுக்குப் போனார்

பாளையங்கோட்டை,
5 ஜூலை 1912

பிரியமுள்ள அத்தானுக்கு, பியூலா எழுதுவது.

இங்கே நானும் அத்தையும் கர்த்தர் கிருபையால் சுகம். போன கடிதத்தில் ரப்பர் பாலைப் பற்றி ஒரு பக்கமும், துரையின் குதிரையைப் பற்றி ஒரு பக்கமும் எழுதியிருந்தீர்கள். குதிரை சுகம் என்று தெரிந்துகொண்டேன். நீங்கள்?

எங்கள் பள்ளிக்கூடத்து மிஸ்ஸியம்மாள் படித்துவிட்டுப் போட்ட பத்திரிகை ஆசிரியைகள் அறையில் கிடந்தது. உங்கள் ரூஸ்வெல்ட் மறுபடியும் ஜனாதிபதியாகக் கிளம்பியிருக்கிறாராம். இனி நிற்கவே மாட்டேன் என்று ஊரறியச் சொல்லிவிட்டுப் போன மனிதர்! சொந்தக் கட்சி கதவைச் சாத்திய பிறகும் ஆசை விடவில்லை. முன்பு கிராண்ட் என்ற தளபதியும் இப்படித்தான் மூன்றாம் தவணை கேட்டு மூக்கறுபட்டார். அமெரிக்க ஜனாதிபதிகளில் தகுதிக்கு மேல் பெயர் வாங்கினவர் ரூஸ்வெல்ட் என்பது என் கட்சி. எல்லாரிலும் பெரியவர் வாஷிங்டன். யுத்தத்தில் ஜெயித்ததற்காகச் சொல்லவில்லை. இரண்டு தவணை இருந்தார், போதும் என்றார், வீட்டுக்குப் போனார். இருங்கள் இருங்கள் என்று ஊரே கேட்டும் போனார். அதற்குமேல் ஒரு மனிதனிடம் என்ன வேண்டும்?

சிரிக்காதீர்கள். நம் வாக்குவாத சங்கத்தில் நீங்கள் லிங்கனுக்காகப் பேசிய அன்று, பெண்கள் வரிசையில் வாய் திறக்கக் கூடாது என்றதால் துடித்துப்போய், உங்கள் பேச்சின் ஓட்டைகளை எழுதித் தபாலில் அனுப்பினவள் நான். ஓட்டை பார்க்கிற புத்தி கல்யாணத்துக்குப் பிறகும் போகவில்லை.

உங்கள் இரண்டாவது அக்ரிமெண்ட் டிசம்பரோடு முடிகிறது. "கிறிஸ்மஸுக்கு வாரானா இல்லையான்னு எழுதச் சொல்லுளா, வெறுங்கதை வேண்டாம்" என்கிறார்கள் அத்தை. நான் கேட்கவில்லை. அத்தைதான் கேட்கிறார்கள்.

உங்கள்
பியூலா

*

ரப்பர் தோட்டம், ஈப்போ,
மலாய் நாடு,
1 ஆகஸ்டு 1912

பிரியமுள்ள பியூலாவுக்கு,

நான் சுகம். குதிரையும் சுகம். அம்மாவுக்கு என் ஸ்தோத்திரம் சொல்.

உன் வாஷிங்டனை இவ்வளவு தூக்கிவைத்து ஆடாதே. நூற்றுக்கணக்கான அடிமைகளை வேலை வாங்கிய வீட்டுக்குத்தானே திரும்பிப் போனார்? அறுபத்தைந்து வயது, வாயில் கட்டிய பல், காலமெல்லாம் அலைச்சல். களைத்துப்போய் உட்கார்ந்ததற்குத் தியாகம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். தகுதிக்கு மேல் பெயர் வாங்கினவர் அவர்தான். லிங்கனை எடுத்துக்கொள். ஒரு தவணை போதும், ஊருக்குப் போகிறேன் என்று யுத்தத்தின் நடுவில் அவர் கிளம்பியிருந்தால் அடிமைகளின் கதி என்ன? ரூஸ்வெல்ட்டுக்கும் அதே நியாயம்தான். அவருடைய முதல் தவணை, சுடப்பட்டுச் செத்த முந்தின ஜனாதிபதி விட்டுப்போன மிச்சம். அதைக் கணக்கில் சேர்ப்பது அநியாயம். கையில் வேலை இருக்கிறவன் எப்படி எழுந்து போவான்?

சங்கத்து வழக்கம் ஞாபகம் இருக்கிறதா? ஒரு மாதம் ஒரு கட்சி பேசினவர் மறுமாதம் எதிர்க்கட்சி பேச வேண்டும். எது அவருடைய சொந்த அபிப்பிராயம் என்று யாராலும் சொல்ல முடியாமல் போனால் அவருக்கே பரிசு. நாமும் மாறிப் பார்ப்போம். அடுத்த தபாலில் நீ மூன்றாம் தவணைக்காகப் பேசு, நான் வாஷிங்டனுக்காகப் பேசுகிறேன்.

துரை என்னைத் தலைமைக் கிராணியாக்க நினைக்கிறார். தோட்டத்துக் கணக்கு முழுவதும் என் பொறுப்பில் வரும். இன்னும் மூன்று வருஷ அக்ரிமெண்ட். செப்டம்பரில் பதில் சொல்ல வேண்டும். யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்று அம்மாவிடம் சொல்.

உன்
தேவதாசன்

*

பாளையங்கோட்டை,
25 ஆகஸ்டு 1912

பிரியமுள்ள அத்தானுக்கு,

நீங்கள் யோசித்துக்கொண்டிருப்பதை அத்தையிடம் சொன்னேன். "யோசிக்கட்டும், யோசிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்கள். எனக்கும் அன்றிலிருந்து ஓர் இடத்தில் உட்காரப் பிடிக்கவில்லை. ஆகையால் கட்சி மாறிவிட்டேன். கேளுங்கள்.

வாஷிங்டன் வீட்டுக்குப் போனார் என்றால், போவதற்கு அவருக்கு ஒரு பெரிய வீடும் தோட்டமும் இருந்தன. அங்கே போயும் அவர் எசமான்தான். வேலையில் மட்டுமே மதிப்பைக் கண்ட மனிதன் எங்கே போவான்? ரூஸ்வெல்ட்டை வீட்டில் உட்காரவைத்தால் அவருக்கும் நிம்மதி இல்லை, சுற்றியிருப்பவர்களுக்கும் நிம்மதி இல்லை. ஊஞ்சலைப் பார்த்துக் குறை சொல்லுவார், குழம்பைப் பார்த்துக் குறை சொல்லுவார். திறமை வேண்டிய இடத்தில் திறமைசாலி இருப்பதே தேசத்துக்கு நல்லது.

வீட்டார் பாவம் என்பீர்கள். அதெல்லாம் இல்லை. ஆள் இல்லாத நாற்காலி முதல் வருஷம் கண்ணை உறுத்தும். பிறகு அதன்மேல் துணி மடித்து வைக்கலாம் என்று தோன்றும். வைக்க வைக்கப் பழகிவிடும். அப்புறம் அந்த மனிதர் திரும்பி வந்தால்தான் தொந்தரவு. துணியை எங்கே வைப்பது? ஆகவே மூன்றாம் தவணை வேண்டும், நாலாம் தவணையும் வேண்டும் என்று சொல்லி உட்காருகிறேன்.

எப்படி என் பேச்சு? சபையார் கைதட்டலாம்.

பியூலா

*

ரப்பர் தோட்டம், ஈப்போ,
26 ஆகஸ்டு 1912

பிரியமுள்ள பியூலாவுக்கு,

உன் கடிதம் இன்னும் வரவில்லை. என் முறையை நான் முடித்துவிடுகிறேன்.

வாஷிங்டனைப் பற்றி இங்கே ஒரு பழைய புத்தகம் கிடைத்தது. ஜனாதிபதியாக இருந்த காலத்தில் வாராவாரம் தன் வீட்டு மேலாளருக்குக் கடிதம் எழுதுவாராம். எந்த வயலில் எதை விதைத்தாய், எந்த வேலி சாய்ந்துகிடக்கிறது, மழை உண்டா என்று கேட்பாராம். நாடே கைக்குள் இருந்தது, சொந்த வேலியைக் கடிதத்தில்தான் பார்த்தார். ஒரு மனிதன் எத்தனை வருஷம் தன் வீட்டைக் கடிதத்திலேயே பார்ப்பது?

அவர் மேல் எனக்கு ஒரே குறை. முதல் தவணை முடிந்ததுமே போயிருக்க வேண்டும். போகத்தான் நினைத்தார். எல்லாரும் நீங்கள் இல்லாமல் முடியாது என்றார்கள், இருந்துவிட்டார். நீ இல்லாமல் முடியாது என்று ஒருவனைப் பார்த்து நாலு பேர் சொன்னால் அதில் ஒரு மயக்கம் இருக்கிறது, பியூலா. கடைசியில் வீட்டில் அவருக்குக் கிடைத்தது மூன்று வருஷம்கூட இல்லை. ஆற்றங்கரையில் வீடு. காலையில் குதிரையில் ஏறி வயலைச் சுற்றிவிட்டு வருவார், மனைவியோடு உட்கார்ந்து சாப்பிடுவார். இவ்வளவுதான் அவர் செய்தது. இதற்காகத்தான் அத்தனை வருஷம் தவித்தார்.

தாமிரபரணியில் தண்ணீர் எவ்வளவு போகிறது என்று எழுது. அது வாதத்தில் சேராது.

உன்
தேவதாசன்

*

பாளையங்கோட்டை,
15 செப்டம்பர் 1912

பிரியமுள்ள அத்தானுக்கு,

உங்கள் வாஷிங்டன் பேச்சு வந்து சேர்ந்தது. பத்துக்கு ஏழு மார்க்கு. உருக்கம் அதிகம், ஆதாரம் குறைவு. மனைவியோடு சாப்பிடுகிற இடத்தில் அழவைக்கப் பார்த்தீர்கள், நான் அழுகிற ஆள் இல்லை. ஆனாலும் ரூஸ்வெல்ட்டின் பக்தர் எழுதியது என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. சங்கமாக இருந்தால் பரிசு உங்களுக்கே.

ஆற்றில் முழங்கால் அளவு தண்ணீர். துரைக்கு என்ன பதில் சொன்னீர்கள்? விளையாட்டை விட்டுவிட்டு அதை எழுதுங்கள்.

பியூலா

*

ரப்பர் தோட்டம், ஈப்போ,
16 செப்டம்பர் 1912

பியூலாவுக்கு,

உன் ஆகஸ்டு மாதக் கடிதம் கிடைத்தது. திரும்பத் திரும்ப வாசித்தேன். கட்சி மாறி எழுதினாய் என்பது தெரியும். நானும் சங்கத்தில் பேசிப் பழகினவன்தான். ஆனால் அந்த நாற்காலியை நீ புத்தகத்தில் படித்து எழுதவில்லை. என்னுடைய நாற்காலி எந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் கிடக்கிறது என்று எனக்குத் தெரியும்.

துரை நேற்றுக் கூப்பிட்டுக் கேட்டார். கையெழுத்துப் போட்டுவிட்டேன். இன்னும் மூன்று வருஷம்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். நான் உனக்கு எழுதிய வாஷிங்டன் பேச்சு, பேச்சே இல்லை. வீட்டுக்கு வரவேண்டும்போல் இருக்கிறது என்று நேராக எழுத எனக்கு வெட்கமாக இருந்தது. தலைமைக் கிராணி வேலையை உதறிவிட்டு வந்து நின்றால், கையாலாகாதவன் என்று நீ நினைத்துவிடுவாயோ என்று பயம். வாதம் என்ற சாக்கில் எழுதிவிட்டால் உனக்குப் புரியும் என்று நினைத்தேன். புரிந்தால் வா என்று எழுதுவாய் என்று காத்திருந்தேன். அதற்கு முன்னால் உன் கடிதம் வந்துவிட்டது. உனக்குப் பழகிவிட்டது என்றால் நான் வந்து தொந்தரவு செய்வானேன்? உன்மேல் கோபம் இல்லை. ஆறு வருஷத்தில் கல்யாணத்துக்குப் பிறகு இரண்டு மாதமும், பிற்பாடு லீவில் இரண்டு மாதமும் வீட்டில் இருந்தவன் நான். எனக்குக் கோபப்பட என்ன உரிமை?

அம்மாவைப் பார்த்துக்கொள்.

தேவதாசன்

*

பாளையங்கோட்டை,
8 அக்டோபர் 1912

அத்தானுக்கு,

ஸ்தோத்திரமும் இல்லை, சுகவிசாரணையும் இல்லை. எனக்கு வருகிற ஆத்திரத்துக்கு இந்தக் காகிதம் காணாது.

ஆறு வருஷமாக எத்தனை கடிதம் எழுதியிருப்பேன்! அத்தனையிலும் வாருங்கள் வாருங்கள் என்றுதானே எழுதினேன்? வாஷிங்டன் பெயரைச் சொல்லி எழுதினேன், அத்தை பெயரைச் சொல்லி எழுதினேன். அதில் ஒன்றைக்கூட நம்பாமல், வராதீர்கள் என்று விளையாட்டுக்கு எழுதிய ஒன்றைப் பிடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே, நீங்களெல்லாம் ஒரு மனுஷரா?

நான் மட்டும் ஒழுங்கா? நீங்கள் நெஞ்சைத் திறந்து எழுதியதை வாசித்துவிட்டு மார்க்குப் போட்டேன். ஏழு மார்க்கு! அதை நினைத்தால் என் கையை நானே கடித்துக்கொள்ளலாம்போல் இருக்கிறது. நீங்கள் உண்மையாக எழுதியதைப் பொய் என்று நான் நினைத்தேன். நான் பொய்யாக எழுதியதை உண்மை என்று நீங்கள் நினைத்தீர்கள். நல்ல சங்கம், நல்ல பழக்கம்! அந்தப் பரிசைக் கொண்டுபோய் ஆற்றில் போடுங்கள்.

உங்கள் கடிதங்களை அத்தைக்கு முன்னால் வைத்து வாசித்தேன், நான் எழுதியதையும் சொன்னேன். முழுவதும் கேட்டார்கள். "ஏளா, அவன் வாரேன்னு எழுதியிருக்கான், நீ வராதீங்கன்னு எழுதியிருக்க. இதுக்கு எதுக்குளா அமெரிக்காக்காரன்?" என்றார்கள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அழுகிற ஆள் இல்லை என்று எழுதினேன் அல்லவா? அதுவும் பொய்.

பிறகு அவர்களே சொன்னார்கள். "அவன் கையெழுத்துப் போட்டுட்டான், அவனால வர ஏலாது. உனக்கு என்னளா? நீ எதுலயாவது கையெழுத்துப் போட்டிருக்கியா? கிளம்பிப் போ. நான் சாத்தான்குளத்துல மக வீட்டுல இருந்துக்கிடுதேன்."

இத்தனை வருஷத்தில் எனக்கு அது தோன்றவே இல்லை, அத்தான். நீங்கள் வருவதா வராமல் இருப்பதா என்று மட்டுமே வாதாடிக்கொண்டிருந்தேன். பெண்கள் வரிசையில் உட்கார்ந்து உட்கார்ந்து, எழுந்திருக்கலாம் என்பதே மறந்துபோயிருக்கிறது.

மிஸ்ஸியம்மாளிடம் லீவு கேட்டேன். பள்ளிக்கூடம் நடக்கும்போது முடியாது என்றார்கள். அப்படியானால் வேலையை விடுகிறேன் என்றேன். அந்த இடத்தில் காய்ச்சல் உண்டு, புலி உண்டு என்று பயமுறுத்தினார்கள். ஆறு வருஷமாக அதே காய்ச்சலில் என் புருஷன் இருக்கிறார் என்றேன். உடனே நற்சாட்சிப் பத்திரம் எழுதித் தந்தார்கள்.

நவம்பரில் ரூஸ்வெல்ட் ஜெயிப்பாரோ தோற்பாரோ, எனக்கு அதைப்பற்றி ஒரு கவலையும் இல்லை. யார் பெரியவர் என்று நேரில் சண்டை போடுவோம். முகத்தைப் பார்த்துச் சண்டை போட்டால் எது பொய் எது மெய் என்று தெரிந்துவிடும்.

இந்தக் கடிதம் ஏறுகிற கப்பலுக்கு அடுத்த கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து நான் ஏறுகிறேன். பினாங்குத் துறைமுகத்தில் வந்து நில்லுங்கள். துரை லீவு தராவிட்டாலும் வந்து நில்லுங்கள். வேண்டாம் என்று பதில் எழுத நினைக்காதீர்கள். எழுதினாலும் அதை வாங்க இங்கே ஆள் இருக்காது.

பியூலா