மூன்றாவது வரி

மே 6, செவ்வாய்

இது யார் கையில் கிடைத்தாலும் சரி, கெஞ்சிக் கேட்கிறேன், யாருக்கும் காட்ட வேண்டாம். அம்மா, நீங்கள் என்றால் இந்தப் பக்கத்தோடு மூடிவிடுங்கள். ஜீவன் அண்ணா, நீ என்றால் பினாங்கிலிருந்து வந்ததும் வராததுமாக என் அலமாரியைக் குடைந்ததற்கு உனக்கு இருக்கு. அப்பா என்றால்... அப்பா என்றால் என்ன எழுதுவதென்றே தெரியவில்லை.

விஷயம் இவ்வளவுதான். எனக்கு புளூஸ் கிட்டார் கற்றுக்கொள்ள வேண்டும்.

இந்த வருடம் எனக்கு எஸ்பிஎம் அரசாங்கப் பரீட்சை. அண்ணன் யூனிவர்சிட்டிக்குப் போகும்போது கிட்டாரை அலமாரி மேல் விட்டுப் போனான். அப்பா போர்ட் கிள்ளான் துறைமுக யார்டில் ஷிப்டில் இருக்கும்போது எடுத்து, சத்தம் வராமல் கம்பிக்கு அடியில் துண்டைத் திணித்து, போனில் வீடியோ பார்த்து வாசிக்கிறேன். அதில் ஒன்று வரவே மாட்டேன் என்கிறது. ஒரு கம்பியை விரலால் மேலே தள்ளுவார்கள். சுரம் தன் இடத்தை விட்டு ஏறி, அடுத்ததைத் தொடாமல் நடுவில் நின்று தவிக்கும். கோயில் தேவார வகுப்பில் என் தொண்டை செய்கிற வேலைதான் அது. தொண்டைக்குத் தெரிந்தது விரலுக்குத் தெரியவில்லை. வீடியோ என்னைப் பார்த்து ‘இங்கே தப்பு’ என்று சொல்லாது. ஆள் வேண்டும்.

பயம் எதற்கென்றும் எழுதிவிடுகிறேன். அப்பா அடிக்க மாட்டார், திட்டவும் மாட்டார். பேச்சை நிறுத்திவிடுவார். அண்ணன் இஞ்சினியரிங்கை விட்டு டிசைன் எடுத்தபோது ஒரு செமஸ்டர் முழுக்கப் பேசவில்லை. லீவுக்கு வந்து சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனுக்கு, “அந்த சம்பாலைத் தள்ளச் சொல்லு” என்று அம்மா வழியாகத் தகவல் போகும். அண்ணன் தாங்கினான். நான் தாங்க மாட்டேன்.

மே 10, சனி

கிள்ளானில் ஒரு மியூசிக் ஸ்கூலுக்குப் போனேன். கவுண்டரில் இருந்த அக்கா நல்லவர்தான். “புளூஸா? அது எந்த கிரேடுலம்மா வருது?” என்று கேட்டார். திரும்பி வந்துவிட்டேன்.

மே 13, செவ்வாய்

மலர்விழி (எல்லாம் தெரிந்த ஒரே ஆள், என் வகுப்பு) இன்ஸ்டாகிராமில் ஒருவரைக் கண்டுபிடித்திருக்கிறாள். யுகேந்திரன். பெட்டாலிங் ஜெயாவில் ஸ்டூடியோ வைத்திருக்கிறார். விரல் பறக்கிறது. “இவர்தான்டி உனக்கு. தலைமுடியே புளூஸ் மாதிரி இருக்கு” என்றாள். சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.

மே 17, சனி

அம்மாவிடம், மலர் வீட்டில் சேர்ந்து படிக்கப் போகிறோம் என்றேன். “ரூபி, தலைக்கு எண்ணெய் வச்சிட்டுப் போ” என்றார். அவ்வளவு சுலபமாக நம்பினது இன்னும் குத்துகிறது.

நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

ஒரு வாத்தியாரிடம் சேருவது என்றால் எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். தேவாரம் கற்கச் சேர்ந்தபோது தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், வேட்டி வைத்து, ஓதுவார் காலில் விழுந்து சேர்ந்தேன். வெறுங்கையோடு எப்படிப் போவது? லிட்டில் இந்தியாவில் வெற்றிலையும் பழமும் வாங்கி, டப்பாவில் சின்னத் தட்டோடு எடுத்துப் போனேன்.

ஸ்டூடியோவில் ஏற்கெனவே மூன்று பையன்கள் இருந்தார்கள். தட்டைப் பார்த்ததும் யுகேந்திரன் சார், “என்னம்மா, நிச்சயதார்த்தமா?” என்றார். பையன்கள் சிரித்தார்கள். அதற்குள் நான் குனிந்துவிட்டேன்.

“ஏய், வெயிட் வெயிட்! இன்னொரு தடவை பண்ணு. வீடியோ எடுக்கலாம். கிட்டார் தெரியிற மாதிரி கொஞ்சம் தள்ளி விழு.”

விழுந்தேன். இரண்டாவது தடவையும். ஏன் விழுந்தேன்? முதல் தடவை மனதாரத்தான் விழுந்தேன். இரண்டாவது எதற்கு? பஸ்ஸில், டிரெயினில், குளிக்கும்போது, இதோ இப்போது வரை கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

அவர் வாசிப்பு நிஜமாகவே நல்ல வாசிப்பு. அதை மறுக்க மாட்டேன். அந்த நடுவில் நிற்கும் சுரத்தைப் பற்றிக் கேட்டேன். “அது தானா வரும்லா. முதல்ல ஸ்பீட்.”

மே 18, ஞாயிறு

வீடியோ ஏறிவிட்டது. என் முகம். என் எண்ணெய்த் தலை. கீழே ‘இந்தக் காலத்திலும் குரு பக்தி’ என்று எழுதி, கைகூப்பும் படம்.

எடுத்துவிடுங்கள் சார், வீட்டுக்குத் தெரியாது என்று அனுப்பினேன். “சில் லா, நல்லா வியூஸ் போகுது” என்று பதில். மறுபடி கெஞ்சினேன். சாயங்காலம்தான் எடுத்தார். அதற்குள் யார் யார் பார்த்தார்களோ.

முடிவு பண்ணிட்டேன். அவர்கிட்ட போகமாட்டேன். வேணாம்னு ஒருத்தி சொல்றது காதுல விழாத ஆளுக்கு, நான் தப்பா வாசிக்கிறது மட்டும் எப்படி விழும்?

ஒரே ஒரு நல்லது. வீடியோவை அவர் எடுப்பதற்கு முன், கீழே யாரோ எழுதியிருந்ததைப் படம் பிடித்து வைத்தேன்: ‘பொண்ணுக்கு புளூஸ்தான் வேணும்னா பிரிக்ஃபீல்ட்ஸ் மார்க்கிரட்டைப் போய்ப் பாக்கச் சொல்லுங்க.’

மே 20, செவ்வாய்

பயத்தில் இன்று கிட்டாரைத் தொடவில்லை.

பிறகு: தொட்டேன்.

மே 24, சனி

மார்க்கிரட்டின் நம்பரை மலர் தேடித் தந்தாள், கேட்டதற்கு இன்று வரச் சொன்னார். கொமுட்டர் ரயில் வழக்கம்போல் சுபாங்கிலேயே நின்றுவிட்டது. பிரிக்ஃபீல்ட்ஸ் போய்ச் சேரும்போது சொன்ன நேரம் தாண்டிவிட்டது. தட்டு எடுத்துப் போகவில்லை. இனி எடுக்கவே மாட்டேன்.

மார்க்கிரட் ஆன்டி பல் கிளினிக்கில் வேலை செய்கிறார். சிலோன்காரர். அம்மா வயதுக்குக் கொஞ்சம் குறைவு. பிளாட் முழுக்கத் துணி காய்கிறது. ஒரு துண்டை விலக்கித்தான் என்னை உட்கார வைத்தார். நான் மனப்பாடம் செய்து வைத்திருந்ததை வாசித்தேன். பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினார்.

“விரல் பரவாயில்லை. பாட்டு எங்க?”

“பாடத் தெரியும் ஆன்டி, ஆனா இங்கிலீஷ்ல...”

“ஆர் இங்கிலீஷ் கேட்டது? இண்டைக்கு உனக்கு எரிச்சல் வந்தது எதில? அதைப் பாடு. ஒரு வரி. பிறகு அதே வரி திரும்பவும். மூண்டாவதில ஏன் எண்டு சொல்லு. ஒவ்வொரு வரி முடியவும் கிட்டார் பதில் சொல்லோணும்.”

அவர் மூன்றே கார்டில், மூன்றே சுரக்கட்டில், சுற்றிச் சுற்றி வாசிக்க ஆரம்பித்தார். எனக்குச் சிரிப்பு. பாடினேன்.

*டிரெயின் லேட்டு, இன்னிக்கும் டிரெயின் லேட்டு.*

கிட்டாரில் தடுமாறி ஏதோ பதில் சொன்னேன். மறுபடி அதே வரி. மூன்றாவது வரிக்கு நான் எதையும் யோசித்து வைத்திருக்கவில்லை. சத்தியமாக. வாயில் வந்தது:

*பொய் சொல்லிட்டு வந்த பொண்ணுக்கு எந்த டிரெயினும் லேட்டு.*

விரல் தானாகக் கம்பியைத் தள்ளியது. நின்றது! நடுவில், தவித்துக்கொண்டு, நான் இத்தனை மாதம் தேடிய இடத்தில்.

ஆன்டி கம்பிகள் மேல் உள்ளங்கையை வைத்துச் சத்தத்தை அடக்கினார்.

“நல்லாயிருக்கு. ஆருக்குப் பொய் சொன்னனி?”

எல்லாவற்றையும் சொன்னேன். வீடியோவையும். அவர் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. “நான் களவாப் பிள்ளை சேர்க்கிறேல்லை. வீட்டில சொல்லிப்போட்டு, அம்மாவையோ அப்பாவையோ கூட்டிக்கொண்டு வா. வராட்டி, நீ கெட்டிக்காரி, வேற இடம் கிடைக்கும்.”

வேறு இடம் வேண்டாம். எனக்கு இவர்தான்.

மே 25, ஞாயிறு

சொல்லிட்டேன்.

சாப்பிட்டு முடித்ததும், தட்டு எடுக்கும் முன். கால் ஆடியது. மேசைக்கடியில் தெரியாது என்று நினைத்தேன், மேசையும் ஆடியது. கிட்டார், பொய், பெட்டாலிங் ஜெயா, பிரிக்ஃபீல்ட்ஸ் எல்லாம் சொன்னேன். நிறுத்த மாட்டேன் என்றும் சொன்னேன். அந்த வார்த்தையை எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

அம்மா, “அட பாவி, மலர் வீட்டுக்குன்னு நான் முறுக்கு வேற குடுத்தனுப்பினேனே” என்றார்.

அப்பா தண்ணீர் குடித்தார். அவருக்குத் தெரிந்திருக்கிறது. போன ஞாயிறே, அவரோடு வேலை செய்யும் அய்யாவு அங்கிள் யார்டு கேன்டீனில், “உங்க பொண்ணு மாதிரி இருக்கே” என்று போனைக் காட்டியிருக்கிறார்.

“என் கால்ல விழச் சொல்லி நான் உன்னை ஒரு நாளும் கேட்டதில்ல. எவன்னே தெரியாதவன் கால்ல, ரெண்டு தரம். ஊரே பாக்குது.”

கிட்டாரைப் பற்றி ஒரு சொல் இல்லை. பொய்யைப் பற்றியும் இல்லை. எழுந்து போய்விட்டார்.

மே 29, வியாழன்

“அவ யூனிபார்ம்ல பட்டன் போயிருக்கு, பாக்கச் சொல்லு.” அப்பா அம்மாவிடம் சொல்கிறார், நான் எதிரில்தான் நிற்கிறேன். ஆரம்பித்துவிட்டது.

ஜூன் 7, சனி

அம்மா வந்தார்! மார்க்கிரட் ஆன்டி வீட்டில் காய்கிற துணியைப் பார்த்ததும் அம்மாவுக்கு நிம்மதியாகிவிட்டது போல.

“என்ன பாட்டு சொல்லிக் குடுப்பீங்க? சர்ச் பாட்டா?”

“இல்லையம்மா. மனசில பாரம் இருந்தால் பாடுற பாட்டு.”

“அதுக்கு எதுக்கு டிரெயின் ஏறி வரணும்? எங்க வீட்டுலயே நிறைய இருக்கு.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். மாதம் இரண்டு சனிக்கிழமை. எஸ்பிஎம் முடியும்வரை அதற்கு மேல் கிடையாது. டிரையல் பரீட்சையில் மார்க் இறங்கினால் நிற்க வேண்டும். சரி என்றேன். இறங்காது.

திரும்பும்போது, “அப்பாகிட்ட நான் பேச மாட்டேன். நீயாச்சு, அவராச்சு” என்றார் அம்மா.

ஜூன் 15, ஞாயிறு

இன்று துண்டை எடுத்துவிட்டு, ஹாலில் உட்கார்ந்து வாசித்தேன். முழுச் சத்தத்தோடு. ஷிப்ட் முடிந்து அப்பா வந்தார். வாசலில் சப்பாத்தைக் கழற்ற அவ்வளவு நேரமா ஆகும்? இரண்டு இடத்தில் தவறவிட்டேன். நிறுத்தவில்லை. தவறிய இடத்தை மறுபடி எடுத்து வாசித்தேன். அவர் என்னைக் கடந்து உள்ளே போனார். வழக்கமாகப் போடும் டிவியைப் போடவில்லை.

அண்ணனிடம் போனில் சொன்னேன். “உனக்கு இன்னும் நாலு மாசம் இருக்கு” என்றான். இருக்கட்டும். நாலு மாதமும் ஹாலில்தான் வாசிப்பேன். அவர் பேசாமலே கேட்கட்டும். அழுதாலும் வாசிப்ப

ரூம் கதவைத் தட்டுறாங்க.

அம்மா தட்ட மாட்டாங்க, நேரா திறந்துட்டு வருவாங்க. அண்ணன் பினாங்குல. வீட்டுல வேற யாரு

“ரூபி.”